மூன்றாம் ஆண்டு வேர்

அதிமதுரத்தைச் சமையல் தோட்டத்தில் வைக்கக் கூடாது என்று இத்தாலியின் தென்கோடியில், எங்கள் கலாப்ரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கெட்ட செடி என்பதால் அல்ல. வைத்த இடத்தில் அது இருக்காது. இங்கே ஒரு சாண் வேரை நட்டால், மண்ணுக்கடியிலேயே ஓடிப்போய் வெங்காயப் பாத்தியில் தலைகாட்டும். மறு வருடம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் முளைத்து நிற்கும். நான் அதற்கு முதலிலேயே வழி செய்திருந்தேன். பழைய எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தி, பாத்தியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு இறக்கியிருந்தேன். ஒரு பக்கம் அவரை, இன்னொரு பக்கம் பூண்டு. இரண்டும் அதனுடன் ஒத்துப்போகும்.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நீங்கள் சொன்னதால் தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஐயா. நீங்கள் வடக்கிலிருந்து வந்தவர். அங்கே இது மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. இங்கே கடலோரச் சமவெளி முழுக்கத் தானாக விளைகிற களை. அதனால்தான் நான் குந்தி உட்கார்ந்து அதை நட்டபோது, அடுத்த வீட்டு தொன்னா பெப்பா சுவருக்கு மேலே எட்டிப்பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி சவேரியா, ஊரே மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு இந்தச் சனியனப் பிடுங்க அலையுது. நீ என்னடான்னா தண்ணி ஊத்தி வளக்குற. அடுத்த வருஷம் முள்ளுச்செடிக்கும் தொட்டில் கட்டுவியா?"

"அப்பா நெனப்பா இருக்கட்டும் தொன்னா பெப்பா. அவருக்கு இது இல்லாம ஒரு பொழுது போகாதே."

"அதுவும் சரிதான். பல்லெல்லாம் கறுத்துல்ல போய்ச் சேர்ந்தான் மனுஷன்."

அப்பா சுருட்டை விட்டபிறகு அந்த இடத்தில் வேரைக் கடிக்க ஆரம்பித்தார். காலையில் வாயில் வைத்தால் படுக்கும்போதுதான் எடுப்பார். ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. படியேற முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். டாக்டர் தொன் கயெத்தானோ வந்து இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் வாயிலிருந்த வேரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். "இது ரத்தத்தை ஏத்துதுய்யா. தசையிலிருக்கிற தெம்பெல்லாம் மூத்திரத்துல போயிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டா நெஞ்சு நின்னுடும்" என்றார். வேரை நிறுத்தியதும் அந்த மாதமே அப்பா ஒலிவ மரத்தில் ஏறினார். பல வருடங்கள் கழித்து அதே மரத்திலிருந்து விழுந்துதான் இறந்தார். அதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செய்ததை மட்டும்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

அதன் பிறகுதான் தொன் கயெத்தானோ எனக்கு ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். எங்கள் தெருவுக்கெல்லாம் ஊசிக்காரி நான்தான். எனக்குக் கை லேசு என்பார்கள். வயதாக ஆக அவருக்குக் காது போயிற்று. குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, கேட்பதுபோல் தலையை ஆட்டுவார். ஊருக்கே தெரியும். யாரும் சொல்லமாட்டோம். ஐம்பது வருடம் நம்மைப் பார்த்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிப்பது அவர், கேட்டு எண்ணைச் சொல்வது நான் என்று எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

நீலோவைப் பற்றிக் கேட்டீர்கள். என் தம்பி. அவனைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது எனக்குப் பதினான்கு வயது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து அவன் வாயில் வைத்தவள் நான். என்னைப் பெண் கேட்டு ஒரு தையற்காரர் வந்தார். நல்ல மனிதர். பையனை அத்தை வீட்டில் விட்டுவிடலாமே என்றார். அவர் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை. வயது வந்ததும் நீலோ எல்லோரையும்போல ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். ஆகஸ்ட் மாதம் வருவான். வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல், "அக்கா, பசிக்குது" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக நான் பதினோரு மாதம் காத்திருப்பேன்.

அப்படி ஒரு ஆகஸ்டில்தான் மலையூர்ப் பெண் ஒருத்தியை நிச்சயம் செய்துகொண்டு வந்தான். அதெலீனா. அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள் நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அல்பேனியாவிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் இன்னும் அந்த மொழிதான். அவளுடைய அப்பா, மாப்பிள்ளை நாலு காசு சேர்க்கட்டும் என்று கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட்டார். போன செப்டம்பரில்தான் அது நடந்தது. ஒரு மாதம் இருந்துவிட்டு, ஸ்டுட்கார்ட்டில் வீடு பிடிக்க நீலோ கிளம்பினான். வீடு கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதுவரை அவள் என்னுடன் இருந்தாள்.

அவளை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். அந்தக் குளிர்காலம் போல எங்கள் வீடு கலகலப்பாக இருந்ததே இல்லை. மாவு பிசையும்போதும் பாடுவாள், பாத்திரம் கழுவும்போதும் பாடுவாள். வயிற்றில் குழந்தை தங்கியதை நீலோவுக்கு முன்னால் என்னிடம்தான் சொன்னாள்.

"மதினி, ஜெர்மனியில வெயிலே கிடையாதாமே? உங்களையும் பெட்டிக்குள்ள வெச்சுக் கொண்டுபோயிடறேன். மடிச்சா அடங்கிடுவீங்க."

"நான் வந்தா கோழிக்கு யாருடி தீனி போடுவா?"

"கோழியையும் மடிச்சுக்கலாம்."

இதை அவள் சொன்னாள். நீலோ ஒருநாளும் சொன்னதில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில், மெழுகுவர்த்தித் திருநாள் பூசையின்போது அவள் கோவிலில் மயங்கி விழுந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற மயக்கம்தான். நான் பார்த்தபோது அழுத்தம் தொண்ணூறு. அன்று நான் சொன்ன எண் உண்மை. உடனே எல்லாப் பெண்களும் பையிலிருந்து சின்னத் தகர டப்பாக்களை எடுத்தார்கள். எங்களூரில் ஒருத்திக்குத் தலை சுற்றினால், வெயிலோ குளிரோ, முதலில் வாயில் போடுவது அதிமதுரம்தான். ரத்தம் இறங்கிவிட்டது, ஏற்றிவிட வேண்டும் என்பார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. இறங்கியிருந்தால் அது ஏற்றத்தான் செய்யும். இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அந்த ஆள் நான்.

அதே வாரம் நீலோவிடமிருந்து சேதி வந்தது. வீடு கிடைத்துவிட்டது, ஈஸ்டருக்கு வருகிறேன் என்று.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். இலை உதிர்ந்து வேரில் சத்து இறங்கியிருக்கும் பருவம் அது. விரல் பருமனுக்கு, உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நல்ல வேர். கழுவி, காயவைத்து, சுத்தியலால் நார் நாராகத் தட்டி, செம்புப் பாத்திரத்தில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் கறுத்து வற்றியதும் வடிகட்டி, மறுபடி காய்ச்ச வேண்டும். விரல்களுக்கு நடுவே கம்பிப் பதம் வரும்போது இறக்கிவிடலாம். கடைக் குச்சியில் மாவும் சர்க்கரையும் கலப்பார்கள். என்னுடையதில் வேர் மட்டும்தான். காலையில் வெதுவெதுப்பான பாலாடைக்கட்டிமேல் ஊற்றிக் கொடுத்தேன். மதியம் அத்திப்பழத்தோடு. சாயங்காலம் ஆட்டுப்பாலில். அவள் கரண்டியை நக்குவாள். மலையில் இந்தச் செடி விளைவதில்லை. அவளுக்கு அது புதுத் தின்பண்டம்.

தெருப் பெண்களும் தங்கள் பங்குக்குக் கொண்டுவந்தார்கள். பெப்பா தினமும் வந்து ஒரு குச்சியை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் போவாள். "சப்பு, மலைக்காரி, நல்லாச் சப்பு. உன் பிள்ளை கறுப்பா பொறந்தா என்னைத் திட்டாத." எல்லோரும் அவளை அவ்வளவு நேசித்தார்கள்.

மார்ச் நடுவில் அவள் காலும் கைவிரல்களும் வீங்கின. கல்யாண மோதிரம் கழலவில்லை. படியில் ஏறப் போய்ப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள், அப்பாவைப்போலவே. தொன் கயெத்தானோவை வரச்சொன்னேன். மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நான் குழாயைக் காதில் வைத்தேன். நூற்று எழுபது.

"எவ்வளவு சவேரியா?"

"தொண்ணூறு, தொன் கயெத்தானோ."

"நெனச்சேன். மொகத்தப் பாத்தாலே தெரியுதே. கால் வீக்கம் புள்ளைத்தாய்ச்சிக்கு இருக்கறதுதான். உப்பக் கொஞ்சம் கூட்டு. அந்த வேரும் குடு. உங்கப்பனுக்குத்தான் அது விஷம், இவளுக்கு மருந்து."

அவர்மேல் தவறில்லை. நான் சொன்ன எண்ணுக்கு அவர் சொன்ன வைத்தியம் சரியானது.

அந்த வாரத்தில் அதெலீனா ஒருமுறை தட்டைத் தள்ளிவைத்தாள். "மதினி, கோச்சுக்காதீங்க. அந்தக் கறுப்பு மட்டும் இன்னைக்கு வேணாம். குடிச்சா கையெல்லாம் மரத்துப்போற மாதிரி இருக்கு."

"வேணாம்னா விடு கண்ணு. உன்னை யாரு கட்டாயப்படுத்துறது?"

நான் கட்டாயப்படுத்தவில்லை. அன்று பன்றி இறைச்சியை அதே சாற்றில், மிளகாய் தூக்கலாகப் போட்டு வதக்கிக் கொடுத்தேன். காரத்தில் இனிப்பு தெரியாது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஈஸ்டருக்கு நீலோ வந்தபோது அவளால் வாசல்வரை நடக்க முடியவில்லை. அவன் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினான். 'பசிக்குது' என்று சொல்லவில்லை. ரயில் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான். நான் நினைத்தது அவ்வளவுதான், ஐயா. பிள்ளை பிறக்கும்வரை தள்ளிப்போகும், அதற்குள் அங்கே வேலை போய்விடும், பிறகு இங்கேயே ஒலிவத் தோப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அதன்பின் நான் நிறுத்திவிடுவேன், அவளும் அப்பாவைப்போல அந்த மாதமே எழுந்து நடப்பாள். யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

குழந்தை மே மாதத்தில் இறந்து பிறந்தது. பெண். அதற்காக நான் வருந்தினேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. நீலோ அவளை விட்டு நகரவே இல்லை. காலையில் அவளைத் தூக்கிவந்து தோட்டத்தில், அவரைப் பந்தலுக்குக் கீழே உட்காரவைப்பான். தலை வாரிவிடுவான். நான் சமைத்ததை அவள் வாயில் ஊட்டிவிட்டு, மிச்சத்தை அவன் தின்பான். என்ன ருசி என்று அவன் நாக்குக்குத் தெரிந்ததுபோலவே இல்லை. அவள் எவ்வளவு தளர்ந்தாளோ அவ்வளவு அவன் அவள் பக்கம் சாய்ந்தான். பந்தலுக்குக் கீழே இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். நான் போனால் சிரிப்பு நிற்கும். என்னைப் பார்த்து, பணிவாக, "என்ன அக்கா?" என்பான். வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல.

ஜூனில் ஒரு மத்தியானம் சமையலறைக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்று சொன்னான்.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன். இங்கேயே வெச்சிருந்தா அந்தச் செவிட்டுக் கிழவன் இவளைக் கொன்னுடுவான். அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. படுக்க வெச்சாவது கூட்டிட்டுப் போறேன். நீ மட்டும் இல்லேன்னா இவ எப்பவோ போயிருப்பா."

"இந்த ஒடம்போட ரெண்டு நாள் ரயில்லயா?"

"தாங்குவா. நீதான் தெனமும் பாக்கறியே, இப்போ எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம் தேறியிருக்கு." பிறகு நான் கேட்டேன். வாழ்நாளில் அவனிடம் எனக்காக ஒன்றைக் கேட்டது அப்போதுதான். "நானும் வரட்டுமா நீலோ? அவளைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே."

அவன் ஒரு தக்காளியை எடுத்துக் கடித்தான். "நீ வந்துட்டா வீட்டை யாருக்கா பாத்துக்கறது?" என்று சிரித்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டான்.

அந்தப் பாத்தியை எப்போது நட்டேன் என்று கேட்டீர்கள். 'அப்பா நினைவாக' என்று உங்கள் ஆள் தட்டச்சு செய்திருப்பார். அதைத் திருத்திக்கொள்ளலாம். நீலோ நிச்சயம் செய்துகொண்டு வந்தானே, அதற்கு அடுத்த வசந்தத்தில் நட்டேன். மூன்றாம் ஆண்டுதான் அந்த வேர் முதிரும். ஆற்றங்கரையில் காட்டு வேர் வேண்டிய மட்டும் கிடக்கிறது. ஆனால் அங்கே தோண்டினால் நாலு பேர் பார்ப்பார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள். தோட்டத்தில் ஒரு பெண் குந்தியிருந்தால் யாரும் கேட்பதில்லை. கல்யாணம் நின்றுபோனால் சாறு காய்ச்சிக் கோவில் திருவிழாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கு அவசரமே இருக்கவில்லை.

மிச்சமிருந்த வேரையெல்லாம் எடுத்துக் காய்ச்சினேன். இரண்டு நாள் அடுப்பு அணையவில்லை. ஒரு போத்தல்தான் தேறியது. தேனைவிடக் கெட்டியாக, கரியைப்போலக் கறுப்பாக. அவ்வளவு கெட்டியானால் வெறும் சாறு கசக்கும் என்பதால் தேனும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்தேன். அதையே மாவில் பிசைந்து ரொட்டியும் சுட்டேன்.

புறப்படும் காலையில் அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். இருநூற்று இருபது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடி ஓடி, சட்டென்று நின்று, எதையோ மறந்து திரும்பி வந்ததுபோல மறுபடி ஓடியது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். நீலோ வாசலில் நின்றுகொண்டு, "எவ்வளவு அக்கா?" என்றான்.

"நூத்திப்பத்து. அருமையா இருக்கு. தைரியமாப் போயிட்டு வாங்க."

அதெலீனா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கைகளில் பலமே இல்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டதுபோல இருந்தது. காதருகே சொன்னாள்: "மதினி, எந்திரிச்சு நடந்ததும் மொத வேலையா உங்களை வரவழைக்கிறேன். இவர் கெடக்கறார், விடுங்க."

நான் போத்தலை அவள் மடியில் வைத்தேன். "ரயில்ல மயக்கம் வரும் கண்ணு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ரெண்டு வாய் குடிச்சுக்க. நீலோ, மறக்காமக் குடு."

அவன் மறக்கவில்லை. அவனுக்கு நான் சொன்னது எதையும் மறந்து பழக்கமில்லை. வழியில் சலேர்னோ ஸ்டேஷனுக்கு முன்னால் அவள் நினைவு தப்பியது. இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் பார்த்தபோது அழுத்தம் இருநூற்றுக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு நின்றுவிட்டது. காலையில்கூட நூற்றுப் பத்துதான், என் அக்கா பார்த்தாள் என்று நீலோ சண்டை பிடித்தானாம். டாக்டர் போத்தலை முகர்ந்து பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, இதைக் காய்ச்சியது யார் என்று கேட்டிருக்கிறார்.

அவளை அவளுடைய மலையூரில் அடக்கம் செய்துவிட்டு, நேற்று நீலோ வீட்டுக்கு வந்தான். சாப்பாடு எடுத்துவைத்தேன். அவன் தட்டைப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போய்ப் பாத்தியைத் தோண்ட ஆரம்பித்தான். தகரத்தைப் பெயர்த்தெறிந்து, அவரைப் பந்தலையும் சாய்த்து, இருட்டும்வரை தோண்டினான். பெப்பா சுவருக்கு அந்தப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதெலீனாவின் வாயில் தினமும் குச்சி வைத்தவள் அல்லவா, பாவம், அவளால் தாங்கமுடியவில்லை. இன்று காலையில் நீலோ என் முன்னால் வந்து நின்றான். கையெல்லாம் மண். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான்.

"நூத்திப்பத்துன்னு சொன்னியேக்கா."

ஆமாம் என்றேன். பிறகு என் கையைப் பிடித்து, சின்ன வயதில் சந்தைக்கு நான் அவனை இழுத்துப்போனதுபோல, தெருவழியே இங்கே கூட்டிவந்தான்.

அதனால் நீங்கள் கேட்கிறபடியே சொல்லிவிடுகிறேன். அதெலீனாவைக் கொன்றது நான். குழந்தையையும். தொன் கயெத்தானோவையும் தெருப் பெண்களையும் விட்டுவிடுங்கள், அவர்கள் என் பேச்சை நம்பினார்கள். ரயிலில் அவள் இறப்பாள் என்று தெரிந்துதான் போத்தலைக் கொடுத்தேன். அவள் இறந்தால் அவன் ஜெர்மனிக்குத் தனியாகப் போகமாட்டான், திரும்பி வருவான் என்றும் தெரியும். வந்துவிட்டான், பாருங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நீலோ காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், ஒன்றும் சாப்பிடவில்லை. உங்கள் காவலர் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாராம். "இல்ல, இது முடியறவரைக்கும் இங்கயேதான் இருப்பேன்" என்றானாம். என்னை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.